மெக்கன்சி: சுவடி காத்தவர், சுவடி கவர்ந்தவர்

சென்ற ஆண்டு நம் கழகத்தின் பேச்சரங்கில், தமிழுக்குத் தொண்டாற்றிய வெளிநாட்டவர் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரை நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டதால் எனக்கு மிஞ்சியவர் கர்னல் காலின் மெக்கன்சி. அவரைத் தமிழ்ச் சுவடிகளின் காவலர் என்று புகழ்ந்தேன். ஊர் ஊராகச் சுவடி தேட ஆள் அனுப்பியவர், கரையானின் வாயிலிருந்து நம் வரலாற்றை மீட்டவர் என்றெல்லாம் அடுக்கினேன். கைதட்டல் கிடைத்தது. பரிசும் கிடைத்தது.

அந்தப் பேச்சில் ஜாவாவுக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. 1811 முதல் 1813 வரை அவர் ஜாவாவிலும் பணியாற்றினார் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குத் தாவிவிட்டேன். பிறகு டிசம்பர் விடுமுறையில் மூன்று நண்பர்களோடு ஜகார்த்தாவிலிருந்து சுராபாயா வரை, ரயிலிலும் பேருந்திலுமாக ஜாவாவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தேன். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு ஒளிந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரை என் பேச்சுக்கு நானே எழுதும் திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவில் பிறந்தவர்

மெக்கன்சி பிறந்ததே ஒரு தீவில்தான். ஸ்காட்லாந்தின் வடமேற்கே குளிரும் காற்றும் நிறைந்த லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில் 1754ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சல் அதிகாரி. இளமையில் மெக்கன்சி சுங்கத்துறையில் வேலை பார்த்தார். கணிதத்தில் அவருக்குத் தீராத நாட்டம். மடக்கையைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வழிவந்த நேப்பியர் பிரபு, தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றுக்காக இந்தியர்களின் கணிதம் பற்றிச் செய்தி திரட்ட விரும்பினார். அந்தத் தொடர்பு மெக்கன்சியின் மனத்தில் இந்தியாவைப் பதித்தது.

1783இல், முப்பது வயதை நெருங்கிய நிலையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னையில் வந்திறங்கினார். நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர், தம் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனோடு மதுரையில் வாழ்ந்துவந்தார். அவர்கள் அழைப்பில் மதுரை சென்ற மெக்கன்சி, அங்கிருந்த பண்டிதர்களைச் சந்தித்தார். இந்த நாட்டின் அறிவு ஏடுகளில் கிடக்கிறது, அதைத் திரட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கே முளைத்ததாகப் பிற்காலத்தில் 1817இல் எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். தமிழ் வளர்த்த மதுரையில் அந்த விதை விழுந்தது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அடுத்த பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் அவருக்கு ஏட்டைத் தொட நேரமில்லை. கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் போர், மைசூர்ப் போர், 1793இல் புதுச்சேரி முற்றுகை, பிறகு இலங்கைப் படையெடுப்பு என்று பொறியாளராகப் படையோடு அலைந்தார். எங்கே அகழி, எங்கே மதில், எந்த வழியாகப் பீரங்கியை இழுத்துச் செல்லலாம் என்று பார்த்துச் சொல்வதே அவர் தொழில். கோயிலைப் பார்த்த கண்ணும் கோட்டையைப் பார்த்த கண்ணும் ஒன்றுதான் என்பதை நான் என் பேச்சில் சொல்லவில்லை.

மொழி தெரியாத சேகரிப்பாளர்

மெக்கன்சிக்குத் தமிழ் தெரியாது. தெலுங்கோ கன்னடமோ சமஸ்கிருதமோ தெரியாது. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அவருக்குக் கண்ணாகவும் காதாகவும் நாவாகவும் இருந்தவர்கள் இந்நாட்டு மக்களே. 1796இல் இலங்கையிலிருந்து திரும்பியபின் ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்ற இளைஞர் அவரிடம் சேர்ந்தார். எந்த ஊரில் யாரிடம் எந்தச் சுவடி இருக்கும், அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்ற வழியைத் திறந்துவிட்டவர் போரய்யாதான். 1803இல், முப்பது வயதைத் தொடுமுன்பே அவர் இறந்துபோனார். அதன்பிறகு அவருடைய தம்பி லட்சுமய்யா பொறுப்பேற்றார். மற்றொரு தம்பி ராமசாமியும் உடனிருந்தார். பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துச் சொன்னவர் தர்மய்யா என்ற சமண அறிஞர்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்குக் கிடைத்தது. 40,000 சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலத்தை அவருடைய குழு அளந்தது. அளக்கப் போன ஊர்களில் எல்லாம் கல்வெட்டைப் படியெடுத்தார்கள். ஏடு வைத்திருந்தவர்களிடம் சிலவற்றை விலைக்கு வாங்கினார்கள், சிலவற்றை இருந்து எழுதிக்கொண்டார்கள். எழுத்தில் இல்லாதவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கைபீதுகளாக எழுதினார்கள். கோயில் வரலாறு, பாளையக்காரர் வம்சாவளி, சாதி வழக்கு, கொங்கு நாட்டு அரசர் வரிசை என்று எல்லாம் வந்து சேர்ந்தன. கம்பெனி இதற்கென்று பெரிதாகப் பணம் கொடுக்கவில்லை. பெரும்பகுதி அவர் சொந்தச் சம்பளத்திலிருந்து போனது.

1810இல் அவர் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். என் பேச்சில் நான் இங்கே நிறுத்தி, கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

நம் கடல்வழியே போன கப்பல்கள்

மறு ஆண்டே மெக்கன்சி கப்பலேறினார். ஐரோப்பாவில் நெப்போலியன் ஹாலந்தை விழுங்கிவிட்டதால், டச்சுக்காரர்களின் ஜாவா பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டது என்று சொல்லி, ஆங்கிலேயர் அதைப் பிடிக்கக் கிளம்பினர். 1811 ஜூனில் ஏறக்குறைய 100 கப்பல்களும் 12,000 வீரர்களும் மலாக்காவில் கூடினார்கள். கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே நேரில் வந்திருந்தார். வழி சொன்னவர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ். கப்பல்கள் நம் சிங்கப்பூர் நீரிணை வழியாகத்தான் கடந்து சென்றன. நாம் இன்று நின்று படமெடுத்துக்கொள்ளும் ஆற்றங்கரையை ராஃபிள்ஸ் மிதிக்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

தலைமைப் பொறியாளர் மெக்கன்சி. சென்னையிலிருந்து மெட்ராஸ் பயோனியர் படைப்பிரிவினரும் வந்தார்கள். பாதை வெட்டுவதும் பதுங்குகுழி தோண்டுவதும் அவர்கள் வேலை. அவர்களுடைய வழிவந்த படைப்பிரிவு இன்றும் ஜாவா என்ற பெயரைத் தன் போர் விருதுகளில் தாங்கி நிற்கிறது. ஆக, அந்தத் தீவின் சேற்றில் தென்னாட்டு உழைப்பும் கலந்திருக்கிறது.

நாங்கள் பசார் செனென் நிலையத்தில் ரயிலேறிய சில நிமிடங்களில் ஜாத்திநெகாரா நிலையம் வந்தது. தண்டவாளத்தை ஒட்டி வீடுகளும் கடைகளுமாக நெருக்கமான இடம். அதன் பழைய பெயர் மேஸ்டர் கொர்னேலிஸ். 1811 ஆகஸ்ட் 26இல் ஜாவாவின் தலையெழுத்தை மாற்றிய சண்டை நடந்தது அங்கேதான். இரண்டு நாள் கழித்து, பன்மொழிப் புலவரும் மெக்கன்சியின் நண்பருமான ஜான் லேடன் பத்தாவியாவில் காய்ச்சலில் இறந்தார். காற்றோட்டமில்லாத ஒரு பழைய ஏட்டறைக்குள் ஆசையோடு புகுந்ததே காரணம் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். செப்டம்பரில் டச்சுப் படை சரணடைந்தது. ராஃபிள்ஸ் ஜாவாவின் துணை ஆளுநர் ஆனார்.

எரிமலையின் அடிவாரத்தில்

அதன்பின் மெக்கன்சி தீவின் குறுக்கும் நெடுக்குமாகத் தரைவழியே பயணம் செய்தார். நிலம் யாருடையது, உழுபவன் எவ்வளவு கொடுக்கிறான் என்று ஆராய ஏற்படுத்தப்பட்ட ஆணையத்துக்கு அவரே தலைவர். ராஃபிள்ஸ் பின்னர் கொண்டுவந்த நிலவரித் திட்டத்துக்கு அந்த ஆய்வு அடிப்படையாயிற்று. வடகரையோரம் அவருக்குப் பயன்பட்டது, டச்சு ஆளுநர் டேன்டல்ஸ் 1808இல் தொடங்கி, தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டருக்குப் போட்ட அஞ்சல் சாலை. கட்டாய உழைப்பில் ஆயிரக்கணக்கானோர் மாண்டு உருவான சாலை அது.

செமாராங்கிலிருந்து தெற்கே திரும்பினால் நிலம் ஏறத் தொடங்கும். உங்காரான், பிறகு மெர்பாபு, அதன் பின்னால் புகையும் மெராப்பி என்று எரிமலைகள் வரிசையாக நிற்கும். சாம்பல் விழுந்து விழுந்து செழித்த கரிய மண்ணில் நெல் வயல்கள். நாங்கள் போனது மழைக்காலம். யோக்யகர்த்தாவில் முதல் இரண்டு நாள் மெராப்பி மேகத்துக்குள் மறைந்தே இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் தங்குவிடுதியின் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது, திடீரென்று முழு மலையும் உச்சியில் மெல்லிய புகையோடு நின்றது. மெக்கன்சியும் 1812 ஜனவரியில், இதே மழைக்காலத்தில்தான், சுராகர்த்தாவுக்கும் யோக்யகர்த்தாவுக்கும் இடையே உள்ள பிராம்பனானுக்கு வந்தார்.

இன்று 47 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் சிவன் கோயில் அன்று கற்குவியல். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்து, நிலநடுக்கத்தில் சரிந்து, மேலே மரம் முளைத்துக் கிடந்தது. மெக்கன்சி அந்தக் குவியலுக்குள் ஏறி இறங்கி அளந்தார். தென்னிந்தியக் கோயில்களைப் பல்லாண்டு பார்த்த கண் என்பதால், சிற்பங்களில் இருக்கும் தெய்வங்களை அவரால் அடையாளம் காண முடிந்தது. அவர் எழுதிய பயணக் குறிப்பு 1814இல் பத்தாவியக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ராஃபிள்ஸ் பொரோபுதூரைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பினார். அதற்குள் மெக்கன்சி தீவைவிட்டுப் போய்விட்டிருந்தார்.

சிவன் கோயிலின் தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாக ஓர் உருவம் நிற்கிறது. அகத்தியர்! தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று ஆசிரியை சொல்லித்தந்த அதே குறுமுனி. நாங்கள் நால்வரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. என் பேச்சில் இதைச் சேர்க்காமல் விட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் அந்த எண்ணமே தலைகீழானது.

1812 ஜூன் 20

மறுநாள் யோக்யகர்த்தா அரண்மனைக்குப் போனோம். அதைக் கிராத்தோன் என்கிறார்கள். பாத்திக் உடையும் தலைப்பாகையும் அணிந்த முதிய அரண்மனை ஊழியர் ஒருவர் எங்களுக்குச் சுற்றிக்காட்டினார். ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துப் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு மலாய் சரளம். அதனால் அவர் சொன்ன இந்தோனேசிய மொழி ஏறக்குறைய முழுவதும் புரிந்தது. நான் தமிழ் படித்தவர் என்பதையும், மெக்கன்சி என்றொருவர் எங்கள் சுவடிகளைக் காப்பாற்றினார் என்பதையும், அவர் இங்கும் வந்திருக்கிறார் என்பதையும் பெருமையோடு சொன்னேன்.

பெரியவர் கோபப்படவில்லை. பாக் என்று நான் மரியாதையோடு அழைத்த அவர், நிதானமாக, ஒரு பழைய குடும்பச் செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார். ஆங்கிலேயர் பீரங்கியோடு வந்தார்கள். மதிலேறி உள்ளே புகுந்தார்கள். சுல்தானைப் பிடித்தார்கள். பொன்னை எடுத்தார்கள். பிறகு புத்தகங்களையும் எடுத்தார்கள். நூலக அறையில் ஏடு இல்லாமல் போனது.

ஊருக்குத் திரும்பியபின் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. 1812 ஜூன் 20இல் ஆங்கிலேயப் படை கிராத்தோனைத் தாக்கிக் கைப்பற்றியது. இரண்டாம் ஹமெங்குபுவோனோ சுல்தான் அரியணை இழந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். அரண்மனைச் சுவடிகள் மூவர் கைக்குப் போயின. ஒருவர் ராஃபிள்ஸ். இன்னொருவர் அங்கே கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் கிராஃபர்ட். மூன்றாமவர், அந்தத் தாக்குதலில் பங்குகொண்ட மெக்கன்சி.

என் பேச்சை நினைத்து உடல் கூசியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! 97,000 நூல்கள் என்று எண் சொல்லி, அந்த இழப்பை நம் வீட்டுச் சாவுபோல் நினைக்கிறோம். ஒரு மக்களின் ஏடு போனால் என்ன போகும் என்று தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நான், இன்னொரு மக்களின் ஏட்டறை காலியானபோது அங்கே நின்றவரை மேடையேற்றிக் காவலர் என்றேன். அதுவும் ஜாவானியர் நாட்டுக்கே போய், ஜாவானியரிடமே சொன்னேன்.

அவர் முடிவும் அவர் விட்டுச்சென்றதும்

மெக்கன்சி 1812இல் பத்தாவியாவில் பெட்ரோனெல்லா பார்டெல்ஸ் என்ற டச்சுப் பெண்ணை மணந்தார். மறு ஆண்டு இந்தியா திரும்பினார். அவர் இல்லாத அந்த ஆண்டுகளிலும் சுவடி தேடும் பணியை லட்சுமய்யா தொடர்ந்து நடத்தினார். 1815இல் மெக்கன்சி இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். 1816இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அவரை வரைந்தார். சிவப்புச் சீருடையில் மெக்கன்சி நடுவில் நிற்க, அவரைச் சுற்றி மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி, ஒருவர் கையில் ஓலைச்சுவடி.

பிறகு அவர் கொல்கத்தாவுக்குப் போனார். திரட்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்று நினைத்தார். உடல் இடம் கொடுக்கவில்லை. 1821 மே 8இல் இறந்தார். பார்க் ஸ்திரீட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அவருடைய மனைவியிடமிருந்து கம்பெனி அந்தத் தொகுப்பை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 1828இல் வில்சன் தயாரித்த பட்டியலின்படி 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள்.

லட்சுமய்யாவுக்கு என்ன நேர்ந்தது? தலைவர் இறந்தபின் பணியைத் தாமே தொடர அனுமதி கேட்டார். பல ஆண்டுகள் அந்த வேலையை நடத்தியவர் அவர். 1830களில் ஆசியவியல் கழகம் அவர் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, இவ்வளவு பெரிய பணிக்கு அவர் தகுதி போதாது என்று ஒதுக்கிவிட்டது. ஏட்டைத் தேடித் தரலாம், ஆனால் ஏட்டைப் பற்றி எழுதக்கூடாது என்பதுதானே இதற்குப் பொருள்?

தொகுப்பு பிரிந்தது. ஜாவானியச் சுவடிகள் லண்டனுக்குப் போயின. தென்னிந்தியச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னை வந்து, 1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளமாயிற்று. தமிழ்ச் சுவடிகளின் சுருக்கங்களை மகாலிங்கம் தொகுத்து 1972இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கொங்கு நாட்டு வரலாறோ பாளையக்காரர் வரலாறோ எழுதப் புகும் எவரும் இன்றும் மெக்கன்சியின் வாசலில் நிற்காமல் போக முடியாது.

யோக்யகர்த்தாவுக்கு? பிரித்தானிய நூலகம் 2018இல் ஒரு திட்டம் தொடங்கி, கிராத்தோனிலிருந்து வந்த 75 சுவடிகளை மின்படியாக்கி, 2019 மார்ச்சில் அந்தப் படிகளைச் சுல்தானிடம் ஒப்படைத்தது. மூலச்சுவடிகள் லண்டனிலேயே இருக்கின்றன.

தேக்காவில் ஒரு வாக்குவாதம்

ஒரு சனிக்கிழமை மாலை, தேக்கா அங்காடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதைப் பற்றி நாங்கள் நால்வரும் வாதிட்டோம். மெக்கன்சி எடுக்காவிட்டால் ஜாவானியச் சுவடிகள் நிலநடுக்கத்திலோ ஈரத்திலோ அழிந்திருக்கும் என்றான் ஒருவன். அழிந்திருக்கலாம், அழியாமலும் இருந்திருக்கலாம், அதை முடிவு செய்யும் உரிமை பீரங்கி வைத்திருந்தவனுக்கு எப்படி வந்தது என்று கேட்டாள் மற்றவள். நான் சொன்னது வேறு. தமிழ்நாட்டில் அவருடைய ஆட்கள் கேட்டுப் பெற்றார்கள், விலை கொடுத்தார்கள், உட்கார்ந்து படியெடுத்தார்கள். ஏடு சேர்க்க நேர்மையான வழி உண்டு என்பது மெக்கன்சிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த ஒருவர் மற்ற வழியையும் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இது நமக்கு எட்டாத பழங்கதை அன்று. சூறையில் பங்கு பெற்ற ராஃபிள்ஸின் பெயரைச் சொல்லாமல் இந்நகரில் ஒரு நாளைக் கழிக்க முடியாது. கிராஃபர்ட், 1823 முதல் சிங்கப்பூரின் இரண்டாவது ரெசிடெண்டாக இருந்தவர். அவர் பெயரில் இங்கே தெரு இருக்கிறது. 2019இல் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சில காலம் நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா, டான் தோக் செங், சாங் நீல உத்தமா ஆகியோரின் சிலைகளையும் நிறுத்தினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஹிக்கியின் ஓவியம் நினைவுக்கு வந்தது. நடுவில் நிற்பவர் பெயர் நமக்குத் தெரியும். ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் பெயரையும் நாம் சொல்லிப் பழக வேண்டும்.

மெக்கன்சியை நான் வெறுக்கவில்லை. சொந்தக் காசைச் செலவழித்து, தமக்குப் படிக்கத் தெரியாத மொழியின் ஏடுகளுக்காக வாழ்ந்தவரை எப்படி வெறுக்க முடியும்? தமிழ் படிக்கத் தெரிந்த நாம் அவர் தொகுப்பில் எத்தனை பக்கம் புரட்டியிருக்கிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் இனி யாராவது என்னை அவரைப் பற்றிப் பேசச் சொன்னால், ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தைப் போரய்யாவுக்கும் லட்சுமய்யாவுக்கும் தர்மய்யாவுக்கும் கொடுப்பேன். ஒரு நிமிடத்தைக் கிராத்தோனின் அந்தக் காலி அறைக்குக் கொடுப்பேன். மீதி இரண்டு நிமிடம் மெக்கன்சிக்குப் போதும். அதற்குப் பரிசு கிடைக்காமல் போகலாம். யோக்யகர்த்தாவில் பார்த்த அந்தப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் தலைநிமிர்ந்து பேச முடியும்.